படமெடுப்பது எளிது, சீட்டைப் படிப்பதுதான் பாடு

1929இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் ஜே. ஃபிரான்சிஸ் மெக்பிரைடு என்ற தாவரவியலாளரைக் கேமராவும் கையுமாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் தந்தது. தென் அமெரிக்கச் செடிகொடிகளை ஆராய்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு தீராத இடைஞ்சல். எந்தக் காய்ந்த கிளையை முன்னால் வைத்து ஒரு செடிக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டினார்களோ, அந்தக் கிளை பெர்லினிலோ ஜெனீவாவிலோ பாரிஸிலோ இருந்தது. பெயரில் சந்தேகம் வந்தால் கப்பலேற வேண்டும். மெக்பிரைடு பெர்லினின் டாலெமில் தொடங்கிப் பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போய்த் தாள் தாளாகப் படமெடுத்தார். சேர்ந்தவை சுமார் 40,000 கறுப்பு வெள்ளை நெகடிவ்கள்.

1943 மார்ச் 1ஆம் தேதி இரவு பெர்லின் மீது விழுந்த குண்டுகளில் டாலெம் ஹெர்பேரியம், அதாவது உலர்தாவரச் சேகரிப்பகம், தீப்பிடித்தது. அங்கிருந்த ஏறக்குறைய 40 லட்சம் உலர்தாவரத் தாள்களில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. பெரு, பிரேசில் போன்ற நாடுகளின் தாவரங்கள் பலவற்றுக்கு மூல மாதிரி எப்படி இருந்தது என்று பார்க்க இன்றைக்கும் மெக்பிரைடு எடுத்த படம்தான் கதி.

அருங்காட்சியகச் சேகரிப்புகளை மின்னுருவாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. கூடவே தீ விபத்துகளின் பட்டியலும் வரும். 2010இல் சாவ் பாவ்லோவின் புட்டான்டன் நிறுவனத்தில் பாம்புச் சேகரிப்பு எரிந்தது. 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம். அங்கே பூச்சிகளின் சேகரிப்பு அநேகமாக முழுவதும் போய்விட்டது. இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், மின்னுருவாக்கம் என்பது பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தும் காரியம் என்று தோன்றிவிடும். படம் எடுப்பது அந்த வேலையின் லேசான பாதி. கனமான பாதி, மாதிரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு சீட்டில் இருக்கிறது.

ஹெர்பேரியத் தாள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் பாதியளவு கனத்த தாள். அதில் ஒட்டியோ தைத்தோ வைத்த கிளை, இலை, பூ, முடிந்தால் காய். பெரும்பாலும் வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு: செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர், அவருடைய வரிசை எண். அதற்கு மேலே, பிற்காலத்தில் அந்தத் தாளைப் பார்த்தவர்கள் ‘இது அந்த இனமில்லை, இந்த இனம்’ என்று ஒட்டிப்போன திருத்தச் சீட்டுகள். பூச்சிகளுக்கு இதே விவரம் நகத்தளவுக் காகிதத்தில் எழுதப்பட்டு, பூச்சியைக் குத்திய அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே கோக்கப்பட்டிருக்கும். மீனும் தவளையும் சாராயத்தில் மிதக்கும் ஜாடிகளில் சீட்டும் கூடவே மிதக்கும். சீட்டு தொலைந்த வண்ணத்துப்பூச்சி பார்க்க அழகாக இருக்கலாம். எங்கே, எப்போது பறந்தது என்று தெரியாவிட்டால் ஆய்வாளருக்கு அதை வைத்துச் செய்ய அதிகம் இல்லை.

இப்படிப்பட்ட பொருள்கள் எத்தனை இருக்கின்றன? 28 நாடுகளில் உள்ள 73 பெரிய அருங்காட்சியகங்களும் ஹெர்பேரியங்களும் சேர்ந்து எடுத்த கணக்கு ஒன்று 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மொத்தம் 110 கோடிக்கு மேல். அவற்றில் இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய பதிவு உள்ளவை 16 சதவீதம்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் மட்டும் சுமார் 8 கோடி. ஒவ்வொன்றையும் அலமாரியிலிருந்து எடுத்து, படமெடுத்து, சீட்டைப் படித்து, பழையபடி வைக்கவேண்டும் என்று சொன்னால் மலைப்புத்தான் வரும்.

மலைப்பைக் குறைக்கப் பிறந்த உபாயங்களில் சில ரசிக்கத்தக்கவை. உலர்ந்த செடி ஒட்டிய தாளைச் சாதாரண ஸ்கேனரில் வைப்பதென்றால் குப்புறக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் இருநூறு வருஷத்துப் பூ உதிர்ந்து கொட்டும். ஆகவே லண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் ஸ்கேனரைக் கவிழ்த்தார்கள். கண்ணாடி கீழே பார்த்தபடி இருக்கும். தாளைக் கீழேயிருந்து மெல்ல உயர்த்தி அதன் முகத்தில் பொருத்துவார்கள். ‘ஹெர்ப்ஸ்கேன்’ என்று அதற்குப் பெயர். உலகம் முழுக்கப் பல ஹெர்பேரியங்களில் வகைமாதிரிகளை, அதாவது ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரிகளை, முதலில் படமாக்கியது இந்தத் தலைகீழ்க் கருவிதான். துல்லியம் அபாரம், வேகம் குறைவு.

வேகத்துக்கு வந்தது கன்வேயர் பெல்ட். ஒருவர் தாளைப் பெல்ட்டில் வைக்கிறார், பார்கோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்; தாள் நகர்ந்து கேமராவுக்கு அடியில் நிற்கிறது, பளிச்சென்று ஒரு வெளிச்சம், அடுத்தது. பாரிஸ் இப்படித்தான் தன் ஹெர்பேரியத்தின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களைப் படமாக்கியது. நெதர்லாந்தின் நேச்சுரலிஸ் அருங்காட்சியகம் 40 லட்சத்துக்கும் மேல். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் 2015இல் தொடங்கி 2022இல் 38 லட்சம் தாள்களை முடித்தது.

பூச்சிகளிடம் இந்தப் பெல்ட் வித்தை பலிக்காது. சீட்டு பூச்சிக்கு அடியில், அதுவும் சில சமயம் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நான்கு. ஊசியிலிருந்து சீட்டைக் கழற்ற முயன்றால் உணர்கொம்பு ஒடியும், கால் விழும். லண்டனில் இதற்காக ‘ஆலிஸ்’ என்றொரு கருவி செய்தார்கள். சுற்றிலும் நான்கு கேமராக்கள் சாய்கோணத்தில் நின்று, பூச்சியின் நிழலுக்குள் ஒளிந்திருக்கும் சீட்டின் வெவ்வேறு பகுதிகளைப் படம்பிடிக்கும். மென்பொருள் அந்தக் கோணல் துண்டுகளை நிமிர்த்தி, சேர்த்து, ஒரே சீட்டாகக் கொடுக்கும். சீட்டைத் தொடவே வேண்டியதில்லை. லண்டனில் மூன்று கோடிக்கு மேல் பூச்சிகள் இருப்பதை எண்ணிப் பார்த்தால், மாதிரி ஒன்றுக்கு அரை நிமிடம் மிச்சமானாலும் அது எத்தனை பேருடைய பணிக்காலம் என்று விளங்கும்.

சரி, படம் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் பாடு.

படத்தில் உள்ள சீட்டு கணினிக்கு வெறும் கறுப்புக் கோடு. யாராவது அதைப் படித்து, பெயர் இந்தக் கட்டத்தில், தேதி இந்தக் கட்டத்தில், ஊர் இந்தக் கட்டத்தில் என்று பிரித்துப் போடவேண்டும். கட்டங்களுக்கென்று ‘டார்வின் கோர்’ என்ற பொது ஏற்பாடு 2009இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. சிட்னியில் பதிந்ததும் கொல்கத்தாவில் பதிந்ததும் ஒரே அட்டவணையில் உட்காருவதற்கு அதுதான் காரணம். கட்டங்களை நிரப்பும் ஆள்பலத்துக்கு அருங்காட்சியகங்கள் பொதுமக்களிடம் போயின. ஆஸ்திரேலியாவில் 2011 முதல் ‘டிஜிவால்’, பிரான்சில் 2012 முதல் ‘லே எர்போனோட்’. ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள், தூக்கம் வராதவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தபடியே சீட்டு படிக்கிறார்கள். ஒரே சீட்டைப் பலர் படித்து, ஒத்துப்போனால் ஏற்பது ஒரு வழக்கமான முறை.

கையெழுத்தை மென்பொருளும் இப்போது வெகுவாகப் படிக்கிறது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. மனிதருக்குப் புரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி போடுவார். மென்பொருள் பல நேரம் பொருத்தமாகத் தோன்றும் ஒரு சொல்லைத் தயங்காமல் போட்டுவிடும். அந்தச் சொல் ஓர் ஊர்ப்பெயராக இருந்துவிட்டால் செடி அந்த ஊருக்கே குடிபோய்விடும்.

ஊர்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பழைய சீட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. ‘இந்த மலையின் வடசரிவு’, ‘இந்த ஊருக்கு மூன்று மைல் மேற்கே’ என்றிருக்கும். அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கி, எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதற்கு ஒரு வட்டமும் போடவேண்டும். வட்டத்தைப் போடாமல் புள்ளியை மட்டும் வைப்பவர்களால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ‘இந்தியா’ என்று மட்டும் எழுதிய மாதிரிகளை நாட்டின் நட்டநடுவில் வைத்துவிடுவார்கள். மத்திய இந்தியாவில் ஏதோ ஒரு வயலில், கடலோரச் செடியும் இமயமலைச் செடியும் அருகருகே முளைத்திருக்கும். ஆயத்தொலைவுக் கட்டம் காலியாக இருந்து மென்பொருள் இரண்டு பூஜ்யம் போட்டுக்கொண்டால், மரம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லான்டிக் கடலில் நிற்கும். கோபன்ஹேகனில் 2001 முதல் இயங்கும் ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவு அமைப்பு, இப்படிக் கடலில் நிற்கும் மரங்களுக்குத் தானாகவே எச்சரிக்கைக் குறியிடுகிறது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடியான பங்கு இருக்கிறது. 1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சென்னையைச் சுற்றியும் திருப்பதி போகும் வழியிலும் சேகரித்த செடிகளை லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அவற்றின் விவரங்களை, உள்ளூர்ப் பெயர்களோடு, ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். ‘மலபார்’ பெயர்கள் என்று அவர்கள் எழுதியவை தமிழ்ப் பெயர்களே. பெட்டிவரின் சேகரிப்பு பின்னர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற சேகரிப்பாளரிடம் போய், இன்று லண்டன் அருங்காட்சியகத்தின் 265 தொகுதிகள் கொண்ட ஸ்லோன் ஹெர்பேரியத்துக்குள் இருக்கிறது. தமிழ் அகராதி தொகுத்தவராக நாம் அறிந்த ராட்லர் பாதிரியார் 1776இல் தரங்கம்பாடிக்கு வந்தவர்; ஓயாமல் செடி சேகரித்தவர். அவருடைய சேகரிப்பு லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாகக் கியூவுக்குப் போனது. அவரும் தரங்கம்பாடி மருத்துவர் கிளைனும் பெர்லினில் வில்டெனோ என்ற தாவரவியலாளருக்கு அனுப்பிய செடிகள் பல புதிய இனங்களுக்கு ஆதாரமாயின. 1943 தீயில் டாலெமின் பெரும்பகுதி போனபோதும் வில்டெனோ சேகரிப்பு தப்பியது. அதனால் காவிரிக் கழிமுகத்துச் செடிகளை இன்று பெர்லினின் இணையதளத்தில் காணமுடிகிறது.

எல்லாரையும் மிஞ்சியவர் ராபர்ட் வைட். 1819இல் சென்னை வந்த ஸ்காட்லாந்து மருத்துவர்; 1853இல் திரும்பினார். அவர் ஆயிரக்கணக்கில் சேர்த்த மாதிரிகளின் இரட்டைப் பிரதிகளைக் கியூ 1866-67இல் பல நாட்டு ஹெர்பேரியங்களுக்குப் பங்கிட்டது. பங்கிடும்போது அச்சடித்து ஒட்டிய சீட்டில் இடம் என்ற வகையில் பொதுவாக இருப்பது லத்தீனில் ‘கிழக்கிந்தியத் தீபகற்பம்’ என்பதுதான். குற்றாலத்து அருவியோரச் செடிக்கும் நீலகிரிப் புல்வெளிச் செடிக்கும் அதே முகவரி. இப்படிப்பட்ட சீட்டை எந்தக் கேமராவும் எவ்வளவு கூர்மையாகப் படம் பிடித்தாலும் ஊர் வராது. வைட் எழுதிய நூல்களைப் புரட்டவேண்டும். அங்கே ‘கோர்ட்டல்லம்’, ‘புல்னி’, ‘ஷெவகெர்ரி’ என்றெல்லாம் வரும். நமக்கு வாய்விட்டுப் படித்தாலே குற்றாலமும் பழனியும் சிவகிரியும் என்று தெரிந்துவிடும். எடின்பரோவில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவருக்கோ, ஊர்ப்பெயர்ப் பட்டியலில் தேடும் மென்பொருளுக்கோ அது அவ்வளவு சுலபமில்லை.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததில் என்ன பலன் என்று கேட்கலாம். லண்டன் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பிரிட்டிஷ் வண்ணத்துப்பூச்சிகள் 1,80,000ஐப் படமாக்கி, சீட்டுகளையும் பதிந்தது. ‘மாத்ரா’ என்ற நிரலை அந்தப் படங்களின் மேல் ஓட்டினார்கள். அது ஒவ்வொரு பூச்சியின் சிறகையும் தானே அளந்தது. தேதியையும் இடத்தையும் வானிலைப் பதிவோடு பொருத்தியபோது, புழுப்பருவத்தின் பிற்பகுதியில் வெப்பம் கூடிய ஆண்டுகளில் பல இனங்களின் வளர்ந்த பூச்சிகள் பெரிதாக இருந்தது தெரிந்தது. வெப்பம் கூடினால் உடல் சிறுக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நூறு வருஷத்துக்கும் மேலே முன்னால் வலையோடு அலைந்த விக்டோரியா காலத்துப் பொழுதுபோக்குக்காரர்கள், தாங்கள் பருவநிலை ஆய்வுக்குத் தரவு சேர்ப்பதாகக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சிகாகோவில் நடந்த வேலை. அமெரிக்கத் தொழிற்சாலைப் பகுதியில் பிடிக்கப்பட்ட பழைய பறவை மாதிரிகளின் வெள்ளை வயிறு அழுக்காக இருப்பதையும் தொட்டால் கையில் கரி ஒட்டுவதையும் அருங்காட்சியகத்தார் நெடுநாளாகவே கண்டிருந்தார்கள். ஷேன் டுபே, கார்ல் ஃபுல்ட்னர் என்ற இரண்டு ஆய்வு மாணவர்கள் ஐந்து இனங்களைச் சேர்ந்த 1,300க்கும் மேற்பட்ட பறவைகளை ஒரே மாதிரி வெளிச்சத்தில் படமெடுத்து, இறகு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்தார்கள். பறவை ஆண்டுதோறும் இறகு உதிர்த்துப் புதிதாக முளைப்பதால், ஒட்டியிருக்கும் கரி அந்த ஆண்டின் கரி. 135 ஆண்டுகளுக்கான காற்று மாசுக் கணக்கு அப்படிக் கிடைத்தது: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உச்சம், 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் சரிவு, போர்க்காலத்தில் மறுபடி ஏற்றம், பிறகு படிப்படியாகக் குறைவு. ஆய்வு 2017இல் வெளியானது. அந்தக் காலத்தின் முற்பகுதியில் காற்றிலிருந்த கரியைக் கருவி வைத்து அளந்த பதிவு மிகக் குறைவு.

சாராய ஜாடிகளில் இருப்பவற்றுக்கு வேறு வழி. அமெரிக்காவில் 18 நிறுவனங்கள் 2017 முதல் 2023 வரை 13,000க்கும் மேற்பட்ட முதுகெலும்பிகளை சி.டி. ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டன. அறுக்காமல் எலும்பைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆப்பிரிக்க முள் சுண்டெலியின் வால் தோலுக்குள் எலும்புத் தகடுகள் இருப்பது வெளிப்பட்டது. அதுவரை உயிரோடிருக்கும் பாலூட்டிகளில் ஆர்மடில்லோவுக்கு மட்டுமே அப்படி உண்டு என்று எண்ணியிருந்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, படம்தான் வந்துவிட்டதே, ஜாடிகளுக்கும் அலமாரிகளுக்கும் எதற்கு வாடகை என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மெக்பிரைடின் கதையிலேயே பதில் உண்டு. பெர்லின் மாதிரிகள் சிலவற்றிலிருந்து ஓர் இலைத் துணுக்கு, ஒரு பூ என்று போருக்கு முன்பே சிகாகோவுக்கு வந்திருந்தன. சிறு உறைகளில் போட்டு வைத்திருந்தார்கள். படத்தில் தெரியாத நுண்மயிர்களை உருப்பெருக்கியில் பார்க்க இன்று அந்தத் துணுக்குகள்தான் இருக்கின்றன. அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய்க்கிருமியின் மரபணுவை 2013இல் படித்தபோது, அது கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில் உலர்த்தி வைத்த நோயுற்ற இலைகளிலிருந்து. அவற்றை எடுத்து வைத்தவர்கள் காலத்தில் டி.என்.ஏ. என்ற பேச்சே கிடையாது. அடுத்த நூற்றாண்டு எதை அளக்க விரும்பும் என்று நமக்கும் தெரியாதபோது படத்தை வைத்துக்கொண்டு பொருளைக் கைவிடுவது மடத்தனம்.

எல்லாவற்றையும் திறந்து வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. தென்சீனாவில் ஒரு பல்லி இனம் 1999இல் விவரிக்கப்பட்டது. வளர்ப்புப் பிராணி வியாபாரிகள் கட்டுரையிலிருந்த இடத்துக்கே போய், அங்கே அது மிஞ்சாதபடி பிடித்துத் தீர்த்தார்கள். ஆர்க்கிட், சிலந்தி, ஆமை என்று விலைபோகும் உயிர்களுக்கெல்லாம் இது பொருந்தும். அதனால் அபாயத்திலுள்ள இனங்களின் இடத்தைப் பொதுப் பதிவில் வேண்டுமென்றே மங்கலாக்கி வெளியிடும் வழக்கம் வந்திருக்கிறது. ஆய்வாளர் கேட்டால் துல்லியமான இடம் கிடைக்கும்.

மங்கலாக்கலைவிடப் பழைய பூட்டு ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தின் தாவரங்களைப் பற்றிய ஆதார நூலை எழுதிய கேம்பிள், 1915இல் அது வெளிவரத் தொடங்கியபோது இங்கிலாந்தில் இருந்தார். மாதிரிகள் கியூவில் இருந்ததால் அங்கே எழுதுவதே அவருக்குச் சௌகரியம். விடுதலைக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் பல பத்தாண்டுகள் தன் அலுவலர் ஒருவரைக் கியூவிலேயே பணியமர்த்தியிருந்தது. இந்தியாவிலிருந்து எழுதிக் கேட்பவர்களுக்காக அங்குள்ள இந்திய வகைமாதிரிகளைப் பார்த்துச் சொல்வது அவருடைய முக்கிய வேலைகளில் ஒன்று. கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ ஒரு புல்லின் பெயரை உறுதி செய்ய லண்டனுக்குக் கடிதம் போட்ட காலம் அது. இன்று அந்தத் தாளைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்த மாற்றம் எனக்குத் தீ விபத்துக் காப்பீட்டைவிடப் பெரிதாகப் படுகிறது. பொருள் அங்கேயே இருக்கிறது, உரிமையும் அங்கேதான் என்பதை மறந்துவிடவேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் அலமாரிகள் நிறைந்திருக்கின்றன. கோயம்புத்தூரில் மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியம், எழும்பூர் அருங்காட்சியகம், பல கல்லூரிகளின் தாவரவியல் துறைகளில் பேராசிரியர் ஓய்வுபெற்றதும் யாரும் திறக்காத பீரோக்கள். நாடளவில் இந்திய மெய்நிகர் ஹெர்பேரியம் 2022இல் சுமார் ஒரு லட்சம் படங்களோடு திறக்கப்பட்டது. ஹவுராவின் மத்திய தேசிய ஹெர்பேரியத்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் தாள்கள் இருப்பதோடு ஒப்பிட்டால் இது ஆரம்பம்தான். கேமராவும் விளக்கும் வாங்கப் பணம் கிடைத்துவிடும். திட்ட அறிக்கையில் அவை நன்றாகத் தெரியும். சீட்டைப் படிக்க ஆள் வைப்பதற்குப் பணம் கேட்டால்தான் கேள்விகள் வரும்.

ஜிபிஐஎஃப் இப்போது ஒரு காரியம் செய்கிறது. சேகரித்தவர் பெயர், எண், தேதி முதலியவற்றை ஒப்பிட்டு, வெவ்வேறு நாடுகளில் பதிவான இரட்டைப் பிரதிகளை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுகிறது. வைட் தாள்களில் ஒரு பிரதியில் ‘கிழக்கிந்தியத் தீபகற்பம்’ என்று மட்டும் இருந்தாலும், அதே கிளையிலிருந்து பிரித்த வேறொரு பிரதியின் ஓரத்தில் ஊரோ மாதமோ பென்சிலில் இருக்கக்கூடும். அதை யாராவது சரியாகப் படித்து ஓரிடத்தில் பதிந்தால், இணைந்த எல்லாப் பிரதிகளுக்கும் ஊர் கிடைக்க வழி உண்டு. பல அருங்காட்சியகங்களின் இணையப் பதிவுகளில் தவறைச் சுட்டிக்காட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் நம் ஊர்களை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் அதை அழுத்தலாம். தாவரவியல் பட்டம் தேவையில்லை.